பாட்டி தைத்த கோதடிக்கு மர ஸ்டாண்டு: ஏணி வேண்டாம்னா வேற என்ன?

மே 11
வாசகர் கேள்வி: எங்க மாமியார் சோலாப்பூர்ல இருந்தப்போ பழைய சேலைகளை அடுக்கிக் கையால தைச்ச கோதடி ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. பீரோவுக்குள்ளயே கிடக்குது. ஹால்ல எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்கணும். மரத்துல ஒரு ஏணி செஞ்சு சுவத்துல சாய்ச்சு, அதுல மடிச்சுப் போட்டா போதும்னு நினைக்கிறேன். அரை நாள் வேலைதானே? யாராவது செஞ்சிருக்கீங்களா?

மே 11, இரவு
ஏணி வேண்டாம்.

எங்க வீட்டுலயும் ஒரு கோதடி இருக்கு. புனே கட்கியில எங்க பாட்டி தைச்சது. அதுக்கு ஸ்டாண்டு செய்யற வேலையிலதான் இப்போ நானும் இருக்கேன், அதனால சொல்றேன். ஏணியோட படி ஒரு அங்குலம்தான் தடிமன் இருக்கும். அதுல தொங்கப் போட்டா மொத்த எடையும் அந்த ஒரு கோட்டுல உட்காரும். பழைய பருத்தி நூல் முதல்ல விடுறது மடிப்பு விழுற இடத்துலதான். அதுவும் ஏணியில போடணும்னா நாலா மடிச்சாகணும், அதுல மூணு கோடு, படியில விழுறது ஒண்ணு. ஒரு வருஷம் கழிச்சு எடுத்துப் பார்த்தீங்கன்னா அந்தக் கோடு வெளுத்து, மெலிஞ்சு, தையல் தெறிச்சிருக்கும். இன்னொண்ணு, டைல்ஸ் தரையில சாய்ச்சு வச்ச ஏணியை ரெண்டு வயசுக் குழந்தை ஒரு இழுப்பு இழுத்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

மரத்தைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி கோதடியை அளந்து, எடை போட்டுப் பாருங்க. வீட்டுல எடை மெஷின் இருந்தா நீங்க கோதடியோட ஏறி நின்னு, அப்புறம் இல்லாம நின்னு கழிச்சுக்கலாம்.

மே 12
எங்களுது 5 அடிக்கு 7 அடி, 2 கிலோ 400 கிராம். "போர்வைக்கு இவ்வளவு எடையா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். கணக்கு இதுதான்: மராட்டிப் பக்கத்து ஒன்பது கஜம் சேலை கிட்டத்தட்ட 8.2 மீட்டர் நீளம். அதைக் கோதடி அளவுக்கு மடிச்சா ஒரே சேலையில மூணு அடுக்கு வரும். ரெண்டு சேலை போட்டா ஆறு அடுக்கு. மேல ஒட்டுத்துணி ஒரு அடுக்கு. கைத்தறிச் சேலை ஒண்ணே ஏறக்குறைய ஒரு கிலோ. நடுவுல பஞ்சு கிடையாது, முழுக்கத் துணிதான். அதனாலதான் அது உள்ளங்கையில கனமா விழுது.

மே 12, இரவு
கம்பு எவ்வளவு தடிமன்னு கேட்டவருக்கு. 5 அடி 3 அங்குலம் (1.6 மீட்டர்) இடைவெளி, ரெண்டு முனையும் தாங்கல்ல உட்கார்ந்திருக்கு, 2.4 கிலோ பரவலா தொங்குது. 20 மில்லிமீட்டர் தேக்குக் கம்புன்னா நடுவுல சுமார் 15 மி.மீ. தொங்கும். கண்ணுக்கே தெரியும். 32 மி.மீ. கம்புன்னா ரெண்டு மி.மீ. சொச்சம்தான். விட்டம் ரெண்டு மடங்கானா வளைவு பதினாறுல ஒரு பங்காயிடும், அதனால கம்புல கஞ்சத்தனம் காட்டாதீங்க. மத்த எதுல வேணாலும் காட்டுங்க.

மே 14
"சுவத்துல நாலு ஆணி, நாலு கிளிப், முடிஞ்சுது. இதுக்கு ஒரு ஸ்டாண்டா?"

கிளிப் பிடிச்ச நாலு இடம் மட்டும் 2.4 கிலோவைச் சுமக்கும். மீதி இடமெல்லாம் தொய்யும். தொங்கவிட்டே ஆகணும்னா பின்பக்கம் மேல் விளிம்பு முழுக்க ஒரு துணிக் குழாய் தைச்சு, அதுக்குள்ள கம்பு விட்டுத் தொங்கவிடணும். அமெரிக்காவுல குவில்ட் (அந்த ஊர்க் கோதடி) கண்காட்சிகளுக்கு 4 அங்குலக் குழாய் கேட்பாங்க. அந்தத் தையல் எல்லா அடுக்கையும் பிடிக்கக் கூடாது, பின் அடுக்குகளை மட்டும் பிடிக்கணும். அப்பவும் மொத்த எடையும் மேல் விளிம்புலதான். பாட்டி இதைப் படுக்கத் தைச்சாங்க, தொங்கத் தைக்கல. குறுக்குல ஓடுற ஓட்டுத்தையல் அடுக்குகளை ஒண்ணா பிடிச்சு வைக்கத்தான், ஏழு அடி நீளத்தைத் தூக்கிப் பிடிக்க இல்ல.

சுவத்துல மாட்டறதுல இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னையில வெளிச்சுவர் மழைக்காலத்துல ஊறும். காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிட்டாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இங்க எத்தனை நாள் அதுக்குக் கீழ இறங்குதுன்னு பாருங்க. நாலு பக்கமும் காத்து போற ஸ்டாண்டுதான் இந்த ஊருக்குச் சரி.

மே 19
மரம். ஆசாரிகிட்ட போனேன். எங்க அப்பா காலத்துல இருந்து பழக்கம், என்னைத் தம்பின்னுதான் கூப்பிடுவார். நான் காகிதத்துல போட்ட படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, துணி காயப்போடுற கொடிக்கா இவ்வளவு கணக்கு?"ன்னார்.

"காயப்போட இல்லண்ணே. பார்க்க வைக்க."

"பார்க்க வைக்கறதுன்னா பிளைவுட்ல அடிச்சு மைக்கா ஒட்டிடலாமே."

பிளைவுட், எம்.டி.எஃப் (மரத்தூளைப் பசையோட அழுத்தின பலகை) ரெண்டும் வேண்டவே வேண்டாம்னேன். அதுல இருக்கிற பசை வருஷக்கணக்கா ஃபார்மால்டிஹைடை விட்டுக்கிட்டே இருக்கும். அது ஃபார்மிக் அமிலமா மாறும், பருத்தியை மஞ்சளாக்கும். அவர் நம்பல. ஆனா புது அலமாரியைத் திறந்தா கண்ணு எரியுதே, அதுதான் அதுன்னதும் தலையாட்டினார்.

உண்மையில எந்த மரமும் சுத்தமில்ல. எல்லாமே கொஞ்சம் அசெடிக் அமில ஆவி விடும். ஓக் ரொம்ப மோசம். நம்ம ஊர்ல கேள்வி வேற: பூச்சி. மாமரம் மலிவு, ஆனா வண்டு துளைச்சு மாவு கொட்டும், அந்த மாவு கோதடி மேல. ரப்பர் மரம் போரிக் அமிலம், போராக்ஸ் ஏத்தினதுன்னா பரவாயில்ல. வேம்பு பூச்சிக்குத் தாங்கும், ஆனா முறுக்கிக்கும். கடைசியில அவர் பட்டறை மூலையில கிடந்த, இடிச்ச வீட்டோட பழைய வாசக்கால் தேக்கு ஒண்ணைக் காட்டினார். வைரம் பாய்ஞ்ச கட்டை, காய வேண்டியதெல்லாம் காய்ஞ்சு முடிஞ்சது, இனி வளையாது. ஆணித் துளைகள் இருக்கு. இருக்கட்டும். விளிம்புல வெளிர் நிறத்துல ஓடுற பகுதியை மட்டும் வெட்டி எறியச் சொன்னேன். தேக்குக்குப் பூச்சி தாங்கற குணம் உள் வைரத்துலதான், அந்த வெளிர் மரத்துல கிடையாது.

மே 20
பைன் மரம் கேட்டவர்: பிசின் கசியும். முடிச்சு இருக்கிற இடத்துல கண்டிப்பா. துணியில பட்டா போகாது.

மே 24
அளவுகள் கேட்டுட்டே இருக்கீங்க, இந்தாங்க. இது எங்க கோதடிக்கு. உங்களுதை வச்சு மாத்திக்கோங்க.

கோதடி 84 அங்குலம் நீளம். நடுவுல கம்பு மேல போட்டா பக்கத்துக்கு 42. கம்பு தரையில இருந்து 48 அங்குலம். கீழ ஆறு அங்குலம் இடம் வேணும், ஏன்னா மாப் போடுறப்போ தண்ணி தெறிக்கும். கம்போட நீளம் கோதடி அகலத்தைவிட ஆறு அங்குலம் கூட, மொத்தம் 66 அங்குலம். ரெண்டு கால்களும் 2 அங்குலச் சதுரம். அடியில குறுக்கா பாதக்கட்டை ஒவ்வொண்ணும் 18 அங்குலம் நீளம், இதைக் குறைச்சா ஆடும். ரெண்டு காலையும் சேர்க்கக் கீழ ரெண்டு சட்டம், 3 அங்குலத்துக்கு 1 அங்குலம். எல்லாம் சேர்த்து, இழைச்சு வீணாகறதையும் கணக்குல வச்சா முக்கால் கன அடி மரம் போதும்.

கால் பாதக்கட்டையில இறங்குற இடத்துல துளை போட்டு நாக்கு இறக்கி, மரஆணி அடிச்சுக்கணும். இரும்பு ஆணி, இரும்பு ஸ்க்ரூ எதுவும் துணிகிட்ட வரக் கூடாது. இந்த உப்புக்காத்துல துரு பிடிச்சு, ஒரு தடவை துணியில கறை ஏறிச்சுன்னா அந்த இடம் பிற்பாடு ஓட்டையாவே போயிடும். ஸ்க்ரூ வேணும்னா பித்தளை.

மே 25
கம்பை உருட்டற விஷயம். கட்டில் கால் கடையற பட்டறையில கேட்டேன். அஞ்சரை அடி நீளத்துக்கு 32 மி.மீ. கம்பைக் கடைசல்ல போட்டா நடுவுல துடிக்கும், முடியாதுன்னுட்டாங்க. ஆசாரி சிரிச்சார், "இழைப்புளி எதுக்கு இருக்கு?" ஒண்ணரை அங்குலச் சதுரக் கட்டையை எட்டுப் பட்டையா இழைக்கணும், அப்புறம் பதினாறு, அப்புறம் உப்புத்தாள். எட்டுப் பட்டைக்கு அடையாளம் போடறதுல ஒரு சூட்சுமம்: ஒவ்வொரு முகத்தையும் 7, 10, 7ன்னு பிரிக்கணும். 38 மி.மீ. முகம்னா 11, 16, 11. அந்தக் கோடு வரைக்கும் மூலையை இழைச்சா எட்டுப் பட்டையும் சமமா வரும். வடிவியல் டீச்சர்கிட்ட கேட்டா வர்க்கமூலம் ரெண்டுன்னு ஆரம்பிப்பாங்க. ஆசாரிக்கு அது தேவைப்படல.

மே 28
கொஞ்சம் வேற பேச்சு. பாட்டியைப் பத்திக் கேட்டிருந்தீங்க.

கட்கியில அம்யூனிஷன் ஃபேக்டரி இருக்கு, 1869ல ஆரம்பிச்சது. தாத்தா அங்கதான் வேலை பார்த்தார். அந்தப் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய. பாட்டிக்கு மராட்டி வராது, பக்கத்து வீட்டு ஆஜிக்கு (மராட்டியில பாட்டி) தமிழ் வராது. ரெண்டு பேரும் வெராந்தாவுல சேலையை விரிச்சு, நாலு மூலைக்கும் கல் வச்சு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தைப்பாங்க. டிசம்பர்ல அந்த ஊர்க் குளிருக்கு அது வேணும். நவராத்திரிக்கு முன்னாடி ஊர்ல இருக்கிற எல்லாக் கோதடியும் துவைக்கப் போகும், முளா ஆத்தங்கரை முழுக்கக் காயும். சென்னைக்கு வந்த புதுசுல பழக்க தோஷத்துல பாட்டி எனக்கு அதைப் போர்த்திவிட்டாங்க, காலையில நான் அவிச்ச இட்லி.

எங்க கோதடியில இடது மூலைப் பக்கம் தாத்தாவோட காக்கிச் சட்டை ஒரு துண்டு இருக்கு. பார்க்க வர்ற எல்லாரும் முதல்ல அதைத்தான் தொடுறாங்க. ஆனா ஸ்டாண்டுக்கு வில்லனே அந்தத் துண்டுதான். காக்கி டிரில் துணி, சுத்தி இருக்கிற சேலையைவிடப் பல மடங்கு உறுதி. எடை இழுக்கறப்போ காக்கி கிழியாது, அதைத் தைச்சிருக்கிற விளிம்புல சேலைதான் கிழியும். ஏற்கெனவே ஒரு விரல் அளவு கிழிஞ்சிருக்கு. அதனால கம்பு உச்சியில இந்தத் துண்டு வரக் கூடாது, பக்கவாட்டுல பளு இல்லாம கிடக்கணும். உங்க கோதடியிலயும் புதுத்துணி, பழையதுணி சேர்ற எல்லைகளைத் தடவிப் பார்த்துட்டு எங்க மடிப்பு விழணும்னு முடிவு பண்ணுங்க.

ஜூன் 2
மெருகு. ஆசாரி ஆளிவிதை எண்ணெய் தடவலாம்னார். தேக்குல அதோட அழகு தனிதான். ஆனா உலர்ற எண்ணெய் எல்லாமே உலர்றப்பவும் உலர்ந்த பிறகும் அமில ஆவி விடும். தண்ணியில கரையற பாலியூரித்தேன் ரெண்டு கோட் அடிச்சோம். அடிச்ச கையோட கோதடியைப் போட்டுடாதீங்க. தொட்டா காய்ஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா உள்ள இருந்து வாடை போக மூணு நாலு வாரம் ஆகும். மூக்குக்கு ஒண்ணும் தெரியாதபோதுதான் சரி.

மெருகை நம்பி மட்டும் விடல. கம்பு மேல சமையலறை அலுமினிய ஃபாயில் ரெண்டு சுத்து. மரத்தோட ஆவி அதைத் தாண்டாது.

ஜூன் 2, இரவு
மே 12ஆம் தேதி 32 மி.மீ. கம்புன்னு சொன்னேன். வலுவுக்கு அது போதும், மடிப்புக்குப் போதாது. ஏணிப் படிக்கு எதிரா நானே சொன்ன வாதம் 32 மி.மீ. கம்புக்கும் பொருந்துதேன்னு மனைவி கேட்டா. அதனால ஃபாயில் மேல மெத்தை மாதிரி பட்டை கட்டினோம். குஷன் கடையில கிடைக்கிற வெள்ளை பாலியஸ்டர் ஷீட்டைச் சுத்திச் சுத்தி 80 மி.மீ. பருமனுக்குக் கொண்டுவந்து, மேல காடாத் துணி உறை. காடாவைக் கஞ்சி போறவரைக்கும் வெந்நீர்ல துவைச்சுக்கணும், கஞ்சி இருந்தா வெள்ளிப்பூச்சி வரும். ஸ்பாஞ்ச் வேண்டாம், அது சில வருஷத்துல பொடிஞ்சு பிசுபிசுன்னு ஒட்டும்.

இனி கோதடி கம்பு மேல மடியாது, வளையும். பட்டை சுத்தினதுல பக்கத்துக்கு ஒண்ணரை அங்குலம் மேல ஏறும். மாப் தண்ணிக்கு இன்னும் தூரம்.

ஜூன் 3
"இதுக்கு 4 அங்குல பி.வி.சி. பைப் போட்டா சுலபமாச்சே, கம்பும் வேண்டாம் பட்டையும் வேண்டாம்."

சுலபம்தான். பி.வி.சி. பழசாக ஆக ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடும். அருங்காட்சியகத்துல துணி கிட்டயே சேர்க்க மாட்டாங்க. மூங்கில் சொன்னவருக்கு: பூச்சி.

ஜூன் 9
எங்க வைக்கறது? அருங்காட்சியகங்கள்ல துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பாங்க. ஃபோன் ஆப்புல அளந்தேன், துல்லியம் இருக்காது, ஒரு மதிப்புக்குத்தான். எங்க ஹால் ஜன்னல் பக்கம் காலையில ஆயிரத்தைத் தாண்டுது. வெளிச்சம் செய்யற சேதம் கூடிக்கிட்டே போகுமே தவிர திரும்பாது. 50 லக்ஸ்ல பத்து மணி நேரமும் 500 லக்ஸ்ல ஒரு மணி நேரமும் ஒண்ணுதான். பழைய சேலையோட சாயம்தான் முதல்ல போகும்.

அதனால கேள்வியிலேயே ஒரு திருத்தம்: ஹால் வேண்டாம். எங்க ஸ்டாண்டு படுக்கையறைக்குப் போற நடையில நிக்குது. நேர் வெயில் எந்த நேரமும் கிடையாது. வர்றவங்க கொஞ்சம் நடந்து போய்ப் பார்க்கணும், அவ்வளவுதான்.

ஜூன் 11
ட்ரை கிளீனிங் கொடுக்காதீங்க. துவைக்கவும் அவசரப்படாதீங்க. ஒவ்வொரு நிறத்துலயும் ஓரமா ஈர வெள்ளைத்துணியை ஒத்தி எடுங்க. எங்களுதுல ஒரு சிவப்பு உடனே இறங்கிச்சு. அதோட துவைக்கற எண்ணம் முடிஞ்சுது. தூசிக்கு: வாக்குவம் கிளீனர் வாயில கொசுவலைத் துண்டைக் கட்டி, குறைஞ்ச வேகத்துல, தேய்க்காம ஒத்தி ஒத்தி எடுங்க.

பாச்சை உருண்டையைத் துணி மேல நேரா வைக்காதீங்க. வேப்பிலைக்கும் அதேதான், காய்ஞ்ச இலையும் கறை விடும். துணிப்பையில கட்டிப் பக்கத்துல தொங்கவிடலாம். பூச்சி நிஜமாவே இருந்தா, பாலிதீன் பையில காத்துப் புகாம கட்டி டீப் ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைக்கறதுதான் வழி. வெளிய எடுத்ததும் பையைத் திறக்காம ஒரு நாள் விடணும், இல்லன்னா ஈரம் கோக்கும். ஐஸ்கிரீமுக்கு வேற இடம் பாருங்க.

ஜூன் 17
"கோதடி போர்த்திக்கத்தானே? அதுக்கு ஃபாயில், பட்டை, லக்ஸ் எல்லாம் எதுக்கு? உங்க பாட்டி பார்த்தா சிரிப்பாங்க."

சிரிப்பாங்கதான். கிழிஞ்சா மேல இன்னொரு சேலையை வச்சுத் தைச்சிருப்பாங்க. கோதடி வாழ்ந்ததே அப்படித்தான். ஒரு பக்கம் தேயத் தேய இன்னொரு அடுக்கு ஏறும். ஆனா இப்போ தைக்கறவங்க இல்ல. ஆஜியும் இல்ல. எங்க வீட்டுல ஒன்பது கஜம் கட்டறவங்களும் இல்ல. தேய்மானம் மட்டும்தான் மிச்சம், ஏத்தறதுக்கு அடுக்கு இல்ல. என் மக ஊசி பிடிக்கக் கத்துக்கிட்டு மேல ஒரு அடுக்கு தைக்க வந்தா, ஃபாயிலை நானே கிழிச்சுப் போடறேன்.

இந்தக் கேள்வியில ஒரு நியாயம் இருக்கு, அதையும் ஒத்துக்கறேன். ரொம்பப் பத்திரப்படுத்தினா யாரும் தொட மாட்டாங்க. அதனால கண்ணாடிப் பெட்டி யோசனையைக் கைவிட்டேன். தொடலாம், கை கழுவிட்டு. மோதிரம், வளையல் மட்டும் நூல்ல மாட்டும்.

ஜூன் 30
கோதடி ஏறியாச்சு. கம்பைக் கால்ல நிரந்தரமா பொருத்தல. காலோட உச்சியில அரைவட்டமா காடி எடுத்து, கம்பை அதுல சும்மா உட்கார வச்சிருக்கு. ரெண்டு பேர் கம்போட சேர்த்துத் தூக்கி இறக்கிடலாம். கோதடியைப் பிடிச்சு இழுக்க வேண்டியதே இல்ல. மாசம் ஒரு தடவை கோதடியைக் கொஞ்சம் நகர்த்திடறோம், அப்போ உச்சியில வர்ற இடம் மாறும். குழந்தை இருக்கிற வீடுன்னா காடி மேல ஒரு மரத்தாழ்ப்பாள் போட்டுக்கோங்க.

எதிர்பாராத ஒண்ணு. நடையில ரெண்டு பக்கமும் ஆள் போறதால பின்பக்கமும் தெரியுது. இத்தனை வருஷம் ஒட்டுத்துணி இருக்கிற பக்கத்தை முன்பக்கம்னு நினைச்சிருந்தேன். பின்பக்கம் ஒரே பச்சைச் சேலை, அதுல தையல் மட்டும். ஒரு பாதியில தையல் நெருக்கமா, நேரா. இன்னொரு பாதியில அகலமா, அலையா. நடுவுல ரெண்டும் சந்திக்கற இடத்துல ஒரு கோணல். யாரோடது யாருதுன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ரெண்டு மாசம் ஒரு பக்கம் வெளிய, அடுத்த ரெண்டு மாசம் மறுபக்கம், அப்புறம் காடாவுல சுருட்டி ரெண்டு மாசம் பீரோ ஓய்வுன்னு வச்சிருக்கோம். எனக்குப் பிடிச்சது பின்பக்க முறை.

ஜூலை 4
பூனை வச்சிருக்கிறவருக்கு: இந்த ஸ்டாண்டு உங்களுக்குச் சரிப்படாது. பட்டை கட்டின கம்பு பூனைக்குத்தான் படுக்கை. சுவத்துல துணிக்குழாய் முறையே மேல், அதுவும் ஒரு ஆள் உயரத்துக்கு மேல.

ஜூலை 6
2 அங்குலச் சதுரத்துக்கு எட்டுப் பட்டை அடையாளம் கேட்டவர்: 51 மி.மீ. முகம், 15, 21, 15ன்னு போடுங்க. ஆனா கம்புக்கு அவ்வளவு தேவையில்ல, உங்க கோதடி அஞ்சு கிலோன்னா மட்டும்.